திருத்தி எழுதிய 17 எண்கள்: கர்ப்பகால நீரிழிவோடு 13 வாரங்கள்

கர்ப்பத்தின் 26ஆம் வாரத்தில் எனக்குக் கர்ப்பகால நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 39ஆம் வாரத்தில் குழந்தை பிறந்தது. இடைப்பட்ட 13 வாரங்களில் முதல் நான்கு வாரங்களை நான் வீணடித்தேன். வழி கேட்காமலே நடக்கத் தொடங்கி, சறுக்கிய இடங்களை மறைத்து, மறைத்ததை நினைத்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். அந்த நாட்களில் இதே பாதையில் போய்வந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல; இதில் வரும் எண்கள் என் உடம்பின் எண்கள், முடிவுகள் என் நிலைமைக்கு எடுத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பரிசோதனையே ஒரு சிறு சோதனைதான். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, காலையில் ஒரு முறை ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குமட்டலோடு குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடியும், இரண்டு மணி நேரத்தில் மூன்றாவது முறையும் ரத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு வந்த அளவுகள் 97, 186, 149. உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்ட வரம்புகள் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்). மூன்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று கணக்கு. எனக்கு இரண்டு தாண்டியிருந்தன. மருத்துவர் அறிக்கையைப் பார்த்து, "சர்க்கரை வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், சாப்பாட்டைக் கவனியுங்கள், நன்றாக நடங்கள், இரண்டு வாரம் கழித்து அளவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெளியே காத்திருந்தவர்களின் எண்ணிக்கையை நானும் பார்த்தேன். ஆனால் "சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்றால் எதை, எவ்வளவு என்றும், "நன்றாக நடங்கள்" என்றால் எப்போது, எவ்வளவு நேரம் என்றும் நான் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

கூச்சத்தைவிடப் பெரியது குற்ற உணர்வு. சொன்னவுடனே உறவினர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "இனிப்பு நிறையச் சாப்பிட்டாயா?" என்பதுதான். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், கர்ப்பம் வளர வளர, தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டுப்பாடு வராமலிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலோரின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது, சிலருடைய கணையத்தால் முடிவதில்லை. உடல் எடையும் குடும்பத்தில் நீரிழிவு இருப்பதும் வயதும் அதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்றாலும், போன வாரம் சாப்பிட்ட ஒரு இனிப்பு அதைக் கொண்டுவருவதில்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் பரிசோதிப்பதும் இதனால்தான்: அந்தக் காலத்தில்தான் ஹார்மோன்களின் எதிர்ப்பு கூடுகிறது. இந்த ஒரு விளக்கம் முதல் நாளே கிடைத்திருந்தால், பின்னால் நான் செய்த பொய்க்கணக்கைச் செய்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது என்னவென்றால், விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தேன். பிறகு மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட முழுக்க நிறுத்தினேன். இரவுச் சாப்பாட்டைப் பெயருக்கு ஏதோ கொறித்து முடித்தேன். தண்டனைபோல ஒன்றை எனக்கு நானே விதித்துக்கொண்டால் அளவு தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கை. அளவு ஏறியது. வெறும் வயிற்று அளவு 99 ஆனது, ஒரு நாள் 102. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 150, 156, 161. எடை ஒன்றரைக் கிலோ குறைந்தது. அடுத்த முறை சிறுநீரைப் பரிசோதித்தபோது கீட்டோன் இருந்தது. அதாவது உடல் சாப்பாடு போதாமல் கொழுப்பை எரித்துக்கொண்டிருந்தது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை என்பதும், அதைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்து உண்பதுதான் முறை என்பதும், அறவே நிறுத்துவது சிகிச்சை ஆகாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அளவு எடுப்பதிலும் இதே குளறுபடி. பயத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை விரலைக் குத்தி வீட்டுக் கருவியில் சர்க்கரை பார்த்தேன். கருவியில் செருகும் பரிசோதனைப் பட்டைகள் 50 கொண்ட பெட்டி ஏழாம் நாள் காலையில் காலியானது. அவ்வளவு அளவுகளும் எந்த வேளைக்குரியவை, எதோடு ஒப்பிட வேண்டியவை என்ற ஒழுங்கே இல்லை. ஒரு நாள் பழம் நறுக்கிய கையோடு எடுத்தபோது 168 காட்டியது. அழுதுவிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து எடுத்தபோது 121. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அந்த வித்தியாசம். நாளைக்கு நான்கு அளவுகள் எடுத்தால் பொதுவாகப் போதும்: வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று முக்கியச் சாப்பாடுகளுக்குப் பிறகு ஒவ்வொன்று. ஒரு மணி நேரக் கணக்கு முதல் கவளத்திலிருந்து தொடங்குகிறது, கை கழுவி எழுந்ததிலிருந்து அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எடுத்த அளவுகளில் பாதி உண்மையில் ஒன்றரை மணி நேர அளவுகள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. எட்ட வேண்டிய இலக்காக எனக்குச் சொல்லப்பட்டவை வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ். இரண்டு மணி நேரத்தில் எடுப்பவர்களுக்கு 120க்குக் கீழ். உங்கள் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டினால் இவை முறையே 5.3, 7.8, 6.7.

இப்போது அந்த 17 எண்களைப் பற்றி. இரண்டு வாரத்தில் 56 அளவுகள் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது. அவற்றில் 17ஐ நான் திருத்தினேன். 99ஐ 94 ஆக்கினேன், 156ஐ 136 ஆக்கினேன். பரீட்சையில் மதிப்பெண்ணைத் திருத்துகிற பிள்ளையின் மனநிலைதான் அது. எண் இறங்கவில்லை என்றால் நான் முயற்சி செய்யவில்லை என்று நினைப்பார்கள், இன்சுலின் போடச் சொல்வார்கள், இன்சுலின் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க விடாது என்றெல்லாம் மனம் சங்கிலி கோத்தது. 28ஆம் வாரத்தில் மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "பரவாயில்லையே, இப்படியே போகட்டும், சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள், கீட்டோன் தெரிகிறது" என்றார். அவர் கையில் இருந்தது பொய்க்கணக்கு. அதற்குப் பொருத்தமான ஆலோசனையை அவர் சொன்னார். இப்படி இன்னும் இரண்டு வாரம் போயிற்று, என் வயிற்றில் இருந்த குழந்தை நான் எழுதிய 136க்குள் வாழாமல் 156க்குள் வாழ்ந்துகொண்டிருந்தது.

30ஆம் வாரத்தில் நீரிழிவுச் செவிலியர் ஒருவர் குறிப்பேட்டை வாங்காமல் கருவியைக் கேட்டார். கருவி ஒவ்வொரு அளவையும் தேதி, நேரத்தோடு சேமித்துவைக்கும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னோக்கிப் போனார், குறிப்பேட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டார். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "இது பரீட்சை இல்லையம்மா. இந்த எண்ணுக்கு யாரும் உங்களுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. உங்களுக்கு என்ன உதவி தேவை என்று எங்களுக்குச் சொல்கிற ஒரே சாட்சி இதுதான்" என்றார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். திட்டாததால் உட்கார்ந்து அழுதேன், அழுதுமுடித்து எல்லாவற்றையும் சொன்னேன்: விடியற்கால நடையை, பட்டினியை, பயத்தை. அதுவரை என் கணவருக்குக்கூட இந்தத் திருத்தல் தெரியாது.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது: "எப்போது நடக்கிறீர்கள்?" வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடப்பது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் என் அளவு ஏறிய இடம் காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நான் களைத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தேன். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். இன்சுலின் கதவைத் தட்டியும் திறக்காத உயிரணு, தசை வேலை செய்யும்போது வேறொரு வழியாகத் தானே திறந்துகொள்கிறது. கர்ப்பகால நீரிழிவில் கோளாறு இன்சுலின் சரிவர வேலை செய்யாததுதான் என்பதால் இந்தப் பக்கவழி நமக்குப் பெரிய கொடை. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தசை வேலை செய்தால்தான் அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்தும்.

அவர் சொன்னபடி ஒரு சிறு சோதனை செய்தேன். அடுத்தடுத்த இரண்டு நாள் காலையில் அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் 161. இரண்டாம் நாள் சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்தில் எழுந்து 15 நிமிடம் நடந்தேன்; 128. நான்கு வாரம் பட்டினி கிடந்து சாதிக்காததை 15 நிமிடம் சாதித்தது. எல்லா நாளும் இவ்வளவு வித்தியாசம் வரவில்லை, சில நாள் பத்துப் பதினைந்துதான் குறைந்தது. இருந்தாலும் யாரும் சொல்லி நம்புவதைவிடத் தன் விரலில் தானே பார்த்து நம்புவது வேறு. இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டே பட்டைகள்தான் செலவு.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. அதைப் படிக்கும்போது மலைப்பாக இருக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் என்று வைத்தால் நாளைக்கு 45 நிமிடம் ஆகிவிடுகிறது. நான்கே நாளில் 150ஐத் தாண்டிவிடலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: வேகத்துக்கு எனக்குச் சொல்லித்தந்த அளவுகோல் இதுதான், இதயத்துடிப்பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே போக முடியாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் கால் தூக்கி வைத்தேன். 34ஆம் வாரத்துக்குப் பிறகு இடுப்பெலும்பு வலி வந்து நடை கடினமானபோது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர்ப் பட்டையை இழுப்பது என்று மாற்றிக்கொண்டேன். தொடையும் முதுகும் உடலின் பெரிய தசைகள் என்பதால் உட்கார்ந்து எழுவதற்கே நல்ல பலன் இருந்தது. மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை மட்டும் விட்டுவிட்டேன். பெருத்த கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் தொடங்கியபோது செய்யத் தவறியது இது: உடற்பயிற்சி எனக்குப் பாதுகாப்பானதா என்று கேட்கவே இல்லை. நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், உதிரப்போக்கு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், ரத்த அழுத்தம் ஏறி முன்சூல் வலிப்பு நிலை வந்தவர்கள், கருப்பை வாய் தளர்ந்து தையல் போட்டவர்கள், முன்கூட்டியே பிரசவ வலி வரும் அபாயம் உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு "நன்றாக நடங்கள்" என்ற பொது அறிவுரை பொருந்தாது. பயிற்சிக்கு முன்போ நடுவிலோ உதிரம், நீர்க்கசிவு, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம், தலைசுற்றல், நெஞ்சு வலி, நடக்கும் முன்பே மூச்சிரைப்பு, ஒரு காலின் கெண்டையில் வலியோ வீக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி அழைக்க வேண்டும். எனக்கு 33ஆம் வாரத்தில் ஒரு மாலை வயிறு இறுகத் தொடங்கியது. முந்தைய நானாக இருந்திருந்தால் மூன்று நிமிடம்தானே மிச்சம் என்று முடித்திருப்பேன். நிறுத்தி, தண்ணீர் குடித்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். அரை மணி நேரத்தில் அடங்கியது, அவர்கள் கேட்டபடி மறுநாள் போய்க் காட்டிவிட்டும் வந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுகள் இப்படி வழிக்கு வந்தன. வெறும் வயிற்று அளவு மட்டும் அசையவில்லை: 96, 98, 101, 97. அது தனி ஜாதி. இரவு முழுக்க நாம் சாப்பிடாதபோது கல்லீரல்தான் குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, காலை நெருங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அதைத் தூண்டுகின்றன. மாலை நடைக்கு அந்த நேரம் வரை கை நீளாது. இதைப் புரிந்துகொள்ளாமல், இரவு இன்னும் கொஞ்சம் நடந்தால் இறங்கிவிடும் என்று பத்து மணிக்குமேல் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து என் கணவர், "இது நடையால் தீருகிற எண் இல்லையோ என்னவோ, கேட்டுப்பார்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

31ஆம் வாரத்தில் நீண்ட நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்கினேன். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எனக்கு என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றாலும் நன்மை என்ன, கெடுதல் என்ன, என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு அது நடக்கும். கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. "ஆபத்து" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தால், பயமோ அலட்சியமோ இரண்டில் ஒன்றுதான் வரும். மருத்துவர் 2005இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைச் சொன்னார்: கர்ப்பகால நீரிழிவு இருந்த 1,000 பெண்களில், சிகிச்சை பெற்ற பிரிவில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடுமையான சிக்கல் நூற்றுக்கு 1, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 4. இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக வந்தன. சிகிச்சை இல்லாமலே 96 குழந்தைகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. மீதியுள்ளதில் பெரும்பகுதியைத் தடுக்க முடிகிறது என்றால் தடுக்காமல் இருக்கக் கூடாது என்ற உறுதி. இன்னொன்றும் சொன்னார். ஒன்பது நாடுகளில் 25,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த எண்ணுக்கு மேல் ஆபத்து, கீழே பாதுகாப்பு என்று ஒரு கோடு கிடைக்கவில்லை. அளவு ஏற ஏற வாய்ப்பும் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே ஒரு நாள் 96 வந்தால் இடிந்துபோகவும் வேண்டாம், நாள்தோறும் 99 வந்தால் "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

வழிகள் மூன்று இருந்தன. படுக்கும் முன் புரதத்தோடு சிறிது மாவுச்சத்தும் கொண்ட சிற்றுண்டி எடுத்து இன்னும் ஒரு வாரம் பார்ப்பது, மெட்ஃபார்மின் மாத்திரை, இரவில் ஒரு முறை இன்சுலின். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும், இன்சுலின் கடக்காது. மாத்திரையால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். ஊசியால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் தொடங்கிய பெண்களில் 46 சதவீதம் பேருக்குப் பிறகு இன்சுலினும் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் மறு கர்ப்பத்திலும் இதையே எடுப்பீர்களா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் மாத்திரைப் பிரிவில் 77 சதவீதம், ஊசிப் பிரிவில் 27 சதவீதம்தான். இந்த எண்களை எனக்குச் சொல்லிவிட்டு அவர், "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை மருத்துவமனை ஒன்றில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு ஊசி பயம், ஆனால் அதைவிட மருந்து குழந்தையிடம் போவது பிடிக்கவில்லை, வாழ்நாள் முழுக்க இன்சுலின் என்று ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேல், என்றேன். கடைசிப் பயத்துக்கு அவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்: இன்சுலினைத் தடுப்பது நஞ்சுக்கொடி, பிரசவத்தில் அது வெளியே வந்துவிடும்.

ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு இயல்பான அளவிலேயே இருந்ததால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க இடமிருந்தது. ஆனால் "பார்ப்போம்" என்று விடாமல், எதைப் பார்த்தால் என்ன செய்வோம் என்பதை இருவரும் எழுதிக்கொண்டோம்: ஏழு காலை அளவுகளில் மூன்றுக்கு மேல் 95ஐ எட்டினால் இரவு இன்சுலின், எட்டாவிட்டால் இப்படியே தொடர்வது. நான் இதை மிகவும் பரிந்துரைப்பேன். எண்ணை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டதால், எண் வந்தபோது வாதாட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஏழில் ஐந்து வந்தது. இந்த முறை ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. 32ஆம் வாரத்தில் தொடங்கினேன்.

தொடங்கிய இரவு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். போட்டபோது விரல் குத்துவதைவிட வலி குறைவு. எவ்வளவு மருந்து என்பதைச் சொல்லப் போவதில்லை, அது ஆளுக்கு ஆள் வேறுபடும், சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டிக் குறைத்துத்தான் சரியான அளவைப் பிடித்தார்கள். ஒன்பதாம் நாள் காலை 89. இன்சுலின் எடுப்பவர்கள் உடற்பயிற்சியின்போது கவனமாக இருக்க வேண்டும்: நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பார்வை மங்கல் வந்தால் அளவைப் பார்த்து, 70க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் உடனே எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நான் நடக்கப் போகும்போதெல்லாம் குளுக்கோஸ் மாத்திரைகளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. நடையை நிறுத்தவும் இல்லை. இன்சுலின் வந்துவிட்டதால் நடை தோற்றுவிட்டது என்று ஒரு தோழி வருத்தப்பட்டார். நடை பகலைப் பார்த்துக்கொண்டது, ஊசி இரவைப் பார்த்துக்கொண்டது. கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களில் 70 முதல் 85 சதவீதம் பேர் உணவாலும் உடற்பயிற்சியாலும் மட்டுமே சமாளித்துவிடலாம் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்கிறது. மிச்சமுள்ள கூட்டத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

36ஆம் வாரத்தில் என் மருத்துவர் விடுப்பில் இருந்தபோது பார்த்த வேறொரு மருத்துவர், சர்க்கரை இருப்பதால் 38ஆம் வாரத்தில் வலி வரவழைத்துவிடலாம் என்றார். நாள்கூடக் குறிக்கப் போனார். அதே மூன்று கேள்விகளை எடுத்தேன், குரல் நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருந்தோடு அளவு நன்றாகக் கட்டுப்பட்டிருப்பவர்களுக்கு, வேறு சிக்கல் இல்லாவிட்டால், 39ஆம் வாரம் முடிந்து அடுத்த ஆறு நாட்களுக்குள் என்பதே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் பரிந்துரை. உணவாலும் பயிற்சியாலும் மட்டும் சமாளிப்பவர்கள் 40 வாரம் 6 நாள் வரைகூடக் காத்திருக்கலாம். அவர் என் அளவுகளை மறுபடி பார்த்தார், குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்தார், "இந்த எண்களுக்கு 39 வரை காத்திருக்கலாம், ஆனால் அசைவு குறைந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுத்துப் பேசினால் கோபிப்பார்கள் என்பது என் கற்பனையாகவே இருந்திருக்கிறது, குறைந்தது இந்த இரண்டு முறையாவது.

39 வாரம் 2 நாளில் மகள் பிறந்தாள், 3 கிலோ 200 கிராம். குதிகாலில் குத்தி அவளுக்கும் சர்க்கரை பார்த்தார்கள். வயிற்றுக்குள் கூடுதலாகக் குளுக்கோஸ் வந்துகொண்டிருந்ததால் குழந்தையின் கணையம் கூடுதலாகச் சுரந்து பழகியிருக்கும், தொப்புள்கொடி அறுந்ததும் வரத்து நிற்பதால் அளவு சரியலாம் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். முதல் அளவு சற்றுக் குறைவாக இருந்தபோது அம்மா பதறினார், நான் பதறவில்லை. பால் கொடுத்தேன், அடுத்த அளவு சரியாக இருந்தது. இன்சுலினை அன்றே நிறுத்தினார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். தூக்கமில்லாத அந்த நாட்களில் நானே இரண்டு முறை தள்ளிப்போட்டேன். யாரும் நினைவூட்டவும் இல்லை, பிரசவம் பார்த்தவர்களும் குழந்தையைப் பார்ப்பவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதால் இந்தப் பரிசோதனை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. ஒன்பதாம் வாரத்தில் போனேன்: வெறும் வயிற்றில் 88, இரண்டு மணி நேரத்தில் 131. இப்போதைக்கு இல்லை என்று பொருள். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்பதால், ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த தேதியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முன்பக்கங்களில் அந்த 17 எண்களும் அடித்துத் திருத்தியபடியே இருக்கின்றன, பக்கத்தில் கருவியிலிருந்து செவிலியர் எடுத்துச் சிவப்பு மையில் எழுதிய உண்மையான அளவுகளோடு.